உயிர் திரும்பியது, ஆள் திரும்பினாரா?

1965 பிப்ரவரி 17. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு வாடகை வீடு. அன்றைய படப்பிடிப்பை முடித்துவிட்டு வந்த நடிகை பட்ரீசியா நீல், மகள் டெஸாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தலையில் இடி இறங்கியதுபோல் ஒரு வலி. அப்போது அவருக்கு வயது 39. வயிற்றில் மூன்று மாதக் குழந்தை. அதற்கு முந்தைய ஆண்டுதான் 'ஹட்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றிருந்தார்.

அவருடைய கணவர், குழந்தை எழுத்தாளர் ரோல்ட் டால், தமக்குத் தெரிந்த மூளை அறுவை நிபுணர் ஒருவரைத் தொலைபேசியில் உடனே பிடித்துவிட்டார். மூளையின் ரத்தக்குழாய் ஒன்று வெடித்திருந்தது. மருத்துவமனையில் மறுபடியும் ரத்தம் கசிந்தது. ஏழு மணி நேரம் நீடித்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மூன்று வாரம் நினைவு திரும்பவில்லை. திரைத்துறை இதழ் ஒன்று அவர் இறந்துவிட்டார் என்றே செய்தி போட்டுவிட்டது.

அவர் இறக்கவில்லை. ஆனால் கண் விழித்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. பார்வை இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. வசனம் பேசியே வாழ்ந்தவருக்கு, எதிரில் இருக்கும் பொருளின் பெயர் வாய்க்கு வரவில்லை. வந்த சொற்களும் எந்த அகராதியிலும் இல்லாதவை. அதே ஆண்டு ஆகஸ்டில் அவருக்கு ஆரோக்கியமான பெண் குழந்தை பிறந்தது. ஊர் உலகம் அதை மறுபிறவி என்று கொண்டாடியது. அவரோ, ஒன்றரை ஆண்டுக் காலம் தாம் வாழ்வையே வெறுத்துக் கிடந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த மனிதருக்குள் என்ன நடக்கிறது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

கசிந்த ரத்தம் என்ன செய்கிறது?

பக்கவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி, ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதால் வருவது. குழாய் உடைந்து ரத்தம் வெளியேறுவது வேறு வகை. அதிலும் இரண்டு உண்டு.

முதலாவது, மூளைத் திசுவுக்கு உள்ளேயே ரத்தம் கசிவது. இதற்குப் பெரிய காரணம் ரத்தக்கொதிப்பு. வருடக்கணக்காகக் கட்டுக்குள் வராத அழுத்தம், மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மயிரிழை போன்ற தமனிகளின் சுவரை நைந்துபோகச் செய்கிறது. ஒரு நாள் அந்தச் சுவர் விட்டுப்போகிறது. இரண்டாவது, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் ரத்தம் பரவுவது. தமனியின் பலவீனமான இடம் பலூன்போல் புடைத்து வெடிப்பதால் பெரும்பாலும் இது நேர்கிறது. அந்தப் புடைப்புக்குத்தான் அனியூரிசம் என்று பெயர். பட்ரீசியா நீலுக்கு நேர்ந்தது இதுதான்.

குழாய்க்குள் ஓடும்வரை ரத்தம் மூளைக்கு உயிர். வெளியே வந்தால் நஞ்சு. முதலில் அது கட்டியாகத் திரண்டு பக்கத்துத் திசுவை நெருக்குகிறது. அடுத்த சில நாட்களில் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றிலிருந்து வெளிப்படும் இரும்பு நரம்பு செல்களைத் தாக்குகிறது. சுற்றிலும் வீக்கம் கட்டுகிறது. சவ்வுக்கு அடியில் கசிந்த ரத்தம் மூளை முழுவதையும் சூழ்ந்துகொள்கிறது. மூளைநீர் வடியும் பாதையை அடைக்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மற்றத் தமனிகளையும் இழுத்துச் சுருங்கவைக்கிறது. அதனால்தான் வெடித்த இடம் ஒன்றாக இருந்தாலும் பாதிப்பு மூளையின் பல இடங்களில் தெரிகிறது.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. கட்டியால் நெருக்கப்பட்ட திசு எல்லாமே செத்துவிடுவதில்லை. ஒதுங்கி நின்ற பகுதி, ரத்தம் மெல்லக் கரைந்து வடிந்ததும் மறுபடி வேலை செய்யத் தொடங்கலாம். செத்துப்போன பகுதியின் வேலையில் ஒரு பங்கை மற்ற நரம்புப் பின்னல்கள் பழகி எடுத்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதங்களில் இந்த முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. "ஆறு மாதத்தில் வந்ததுதான் வரும்" என்று குடும்பங்கள் கேட்டுக் கேட்டு மனம் ஒடிந்துபோகும் அந்த வாக்கியத்தை இனியாவது கைவிட வேண்டும்.

நடந்தால் போதுமா?

1957இல் கிளாஸ்கோ நகரின் மருத்துவர் ஜான் ரேங்கின், பக்கவாத நோயாளிகள் எந்த அளவுக்குத் தேறினார்கள் என்று குறிக்க ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டார். பின்னர் திருத்தப்பட்ட அந்த அளவுகோல்தான் இன்றும் உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 3 என்றால் கொஞ்சம் உதவி வேண்டும், ஆனால் தானாக நடப்பார். 5 என்றால் படுத்த படுக்கை. 6 என்றால் மரணம். மருந்துகளைச் சோதிக்கும் பல ஆய்வுகளில் 0 முதல் 2 வரை வந்தவர்களை 'நன்றாகத் தேறியவர்கள்' என்று கணக்கில் எழுதுவார்கள்.

எளிமையான, பயனுள்ள அளவுகோல். ஆனால் இரண்டாம் எண் பெற்ற ஒருவரின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அவர் நடக்கிறார், சாப்பிடுகிறார், சட்டை மாட்டிக்கொள்கிறார். கணக்கில் புலியாக இருந்தவர் பால் கணக்கில் தடுமாறுகிறார். டிவி ஓட, குக்கர் விசில் அடிக்க, பேரன் ஏதோ கேட்க, மூன்றும் ஒன்றாக வந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறார். கல்யாண வீட்டுக்கு வர மறுக்கிறார். யாராவது அன்பாக "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலே கண் கலங்குகிறது. மருத்துவமனைக் கோப்பில் அவர் 'நன்றாகத் தேறியவர்'. வீட்டில் மனைவி தனியாக, குரலைத் தாழ்த்திச் சொல்வது வேறு: "அவர் பழைய ஆளா இல்லை."

மனைவி சொல்வது உண்மை. அதற்கு மூளையிலேயே காரணங்கள் இருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத காயங்கள்

முதல் காயம் களைப்பு. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இதைச் சொல்கிறார்கள். இது வேலை செய்து வரும் அலுப்பு இல்லை. தூங்கி எழுந்தாலும் தீராது. முன்பு யோசிக்காமலே செய்த வேலைக்கு இப்போது மூளை முழுக் கவனத்தையும் செலவழிக்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிட உரையாடல் அரைநாள் உழைப்பாகிவிடுகிறது. சோம்பல் என்று வீட்டார் நினைப்பது, உண்மையில் கடுமையான உழைப்பின் விளைவு.

இரண்டாவது மனச்சோர்வு. பக்கவாதத்துக்குப் பிறகு மூவரில் ஒருவருக்கு இது வருகிறது. இழந்ததை நினைத்து வரும் துயரம் ஒரு பங்கு. மனநிலையைச் சமன்செய்யும் நரம்புப் பாதைகளே சேதமாகியிருப்பது இன்னொரு பங்கு. மனச்சோர்வு வந்தவர் உடற்பயிற்சி செய்ய மாட்டார், மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டார், யாரோடும் பேச மாட்டார். அதனால் கையும் காலும் பேச்சும் திரும்புவது தள்ளிப்போகிறது. மனத்தைக் கவனிக்காத சிகிச்சையில் உடலும் பின்தங்குவது இப்படித்தான்.

மூன்றாவது, அடக்க முடியாத அழுகை. முதல் மாதங்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் இதைக் காணலாம். செய்தியில் யாரோ ஒருவர் வீடு திரும்பிய காட்சியைப் பார்த்தால் தேம்பி அழுவார். சில சமயம் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வெடிக்கும். உள்ளே இருக்கும் உணர்ச்சியின் அளவுக்கும் வெளியே வரும் அழுகையின் அளவுக்கும் பொருத்தமே இருக்காது. உணர்ச்சி வெளிப்பாட்டுக்குக் கடிவாளம் போடும் பாதைகள், மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவரை இறங்குகின்றன. அவை அறுபட்டால் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. "ஆம்பள இப்படி அழலாமா" என்ற ஒரு சொல், ஏற்கெனவே கூனிக்குறுகி நிற்பவரை இன்னும் குறுக்கிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளே இந்த அழுகையையும் பலருக்குக் குறைக்கின்றன. ஆனால் இதை ஒரு நோய்க்குறி என்று யாராவது மருத்துவரிடம் சொன்னால்தானே?

நான்காவது பற்றின்மை. துக்கமும் இருக்காது, மகிழ்ச்சியும் இருக்காது. எழுந்து ஒன்றைத் தொடங்கும் உந்துதலே வற்றிப்போயிருக்கும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியும், ஆழத்தில் உள்ள கருக்களும் சேர்ந்து அந்த உந்துதலைத் தருகின்றன. அங்கே சேதம் ஏற்பட்டால் சுறுசுறுப்பான மனிதர் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அனியூரிசம் அடிக்கடி தோன்றும் இடங்களில் ஒன்று, இரு முன்மூளைகளுக்கும் நடுவில் உள்ள தமனி இணைப்பு. அது வெடித்தவர்களுக்குக் கைகால் முழுதாக நலமாக இருந்தும் குணம் மாறிப்போவது அதனால்தான்.

ஐந்தாவது பயம். ஒரு தடவை தலைக்குள் வெடித்ததை அனுபவித்தவருக்கு அதன் பிறகு ஒவ்வொரு தலைவலியும் எமன் தட்டும் சத்தம். இருமவும் தும்மவும் பயம். தனியாகக் குளிக்கப் பயம். கணவன் மனைவி நெருங்கப் பயம். வெளியே சொல்லாமல் இந்தப் பயத்தோடு வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் உண்டு.

நடிகை எமிலியா கிளார்க்கின் கதை இதற்குச் சாட்சி. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் பருவப் படப்பிடிப்பு முடிந்த நிலையில், 2011இல், 24 வயதில், லண்டனில் உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தபோது அவருக்கு அனியூரிசம் வெடித்தது. சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் தம் பெயரையே சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில், தம்மைச் சாகவிட்டுவிடும்படி மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டதாக அவரே 2019இல் எழுதினார். 2013இல் இரண்டாவது அனியூரிசத்துக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. எட்டு ஆண்டுகள் உலகம் அவரை டிராகன்களின் தாயாகத் திரையில் பார்த்தது. களைப்பும் மரண பயமும் திரைக்கு வெளியே அவரோடு இருந்தன. இன்று அவர் நடத்தும் 'சேம்யூ' அறக்கட்டளை, மூளைக் காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வுக்காகவே இயங்குகிறது.

ஒரு கிராமம் ஆசிரியரான கதை

1965 மே மாதம் பட்ரீசியா நீல் இங்கிலாந்தில் கிரேட் மிசெண்டன் என்ற கிராமத்தில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பினார். நாளுக்குச் சிறிது நேரப் பயிற்சி, மீதி ஓய்வு என்பது அந்தக் கால நடைமுறை. டால் அதை ஏற்கவில்லை. மகன் தியோவுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் விபத்தில் மூளையில் அடிபட்டதிலிருந்து, மூளை பற்றிய அவருடைய அக்கறை சாதாரணமானதல்ல. மூளைநீரை வடிக்கும் ஒரு வால்வை, அறுவை நிபுணர் கென்னத் டில், பொறியாளர் ஸ்டான்லி வேட் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர்.

டால் அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். நாளுக்கு ஆறு மணி நேரம், முறைவைத்து ஆட்கள் வந்தார்கள். யாரும் மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. எழுத்து, எண், சொல், படம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பட்ரீசியா ஏதாவது கேட்டால், அதன் பெயரை அவர் சரியாகச் சொல்லும்வரை டால் கொடுக்க மாட்டார். பார்த்த பலருக்கு அது கொடூரமாகப் பட்டது. பட்ரீசியாவே அவர்மேல் கொதித்தார். இந்தக் கண்டிப்பை எல்லா வீடுகளுக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். களைத்த மூளையை விரட்டினால் ஒடிந்துபோகவும் கூடும்.

அதே ஊரில் வேலரி ஈட்டன் கிரிஃபித் என்ற பெண்மணி இருந்தார். பட்ரீசியாவுக்குப் பாடம் நடத்தும் பொறுப்பு மெல்ல அவர் கைக்கு வந்தது. தம் எதிரில் இருப்பவர் வாழ்ந்து பழகிய, ரசனை உள்ள, கோபம் வரும் ஒரு பெரிய மனுஷி என்பதை அவர் மறக்கவில்லை. குழந்தைப் பாடப் புத்தகத்தை ஒதுக்கிவைத்தார். அந்த மனிதருக்கு எது பிடிக்கும் என்று தேடி, அங்கிருந்து பேச்சையும் விளையாட்டையும் பயிற்சியையும் தொடங்கினார். சொல் பிழையாக வந்தாலும் உரையாடல் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். அந்த அனுபவத்தை 1970இல் புத்தகமாக எழுதினார். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களின் வீடுகளுக்கே தன்னார்வலர்கள் போய்ப் பேசிப் பழகும் திட்டம், அவர் காட்டிய வழியில் 1970களில் பிரிட்டனில் உருவானது.

1967இல், மூளைக் காயமுற்ற குழந்தைகளுக்கான நியூயார்க் நிகழ்ச்சி ஒன்றில் பேச டால் பட்ரீசியாவை ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த உரைக்கு வேலரிதான் அவரைத் தயார்செய்தார். 1968இல் 'தி சப்ஜெக்ட் வாஸ் ரோசஸ்' படம் வெளிவந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் எதிரில் இருக்கும் பொருளின் பெயர் சொல்லத் தெரியாதவர், அதில் நடித்து மறுபடி ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆஸ்கர் இல்லை. அவரை யாரோ ஒருவர் தினமும் எதிர்பார்த்தார். அவரிடமிருந்து ஏதோ ஒன்று தேவைப்பட்டது. நோயுற்றவரை நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று பாசத்தோடு சொல்லும் வீடுகளில் இந்த ஒன்றுதான் இல்லாமல் போகிறது.

மெட்ராஸில் கேட்கப்பட்ட கேள்விகள்

நடக்கிறாரா என்று மட்டும் கேட்டால் போதாது என்பதை மருத்துவ உலகமும் உணர்ந்தது. 1991இல் உலக சுகாதார நிறுவனம், வாழ்க்கைத்தரத்தை அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியது. எது நல்வாழ்வு என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதால், உலகின் 15 மையங்களில் மக்களிடம் ஒரே நேரத்தில் அதை உருவாக்கிச் சோதித்தார்கள். அந்தப் பதினைந்தில் ஒன்று மெட்ராஸ். பின்னர் சுருக்கப்பட்ட பட்டியலில் 26 கேள்விகள்: உடல், மனம், உறவுகள், சூழல் என்று நான்கு பகுதிகள். பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்ல, வாழ்கிறவர்.

வாழ்கிறவரைக் கேட்டபோது எதிர்பாராத பதில்கள் வந்தன. அமெரிக்காவில் கேரி ஆல்பிரெக்ட், பேட்ரிக் டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள், ஊனத்தோடு வாழும் 153 பேரை நீண்ட நேர்காணல் செய்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான ஊனம் இருந்தவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர், தங்கள் வாழ்க்கை நன்றாகவோ மிக நன்றாகவோ இருப்பதாகச் சொன்னார்கள். பார்க்கிறவர்களுக்குப் பரிதாபமாகத் தெரியும் வாழ்க்கை, வாழ்கிறவருக்கு நிறைவாக இருக்கலாம். ஒரு பெரிய இழப்புக்குப் பிறகு மனிதர்கள் தங்கள் அளவுகோலையே மெல்ல மாற்றிக்கொள்கிறார்கள். எது முக்கியம் என்ற வரிசை மாறுகிறது. பதவி கீழே இறங்கி, காலைக் காபியும் பக்கத்தில் உட்காரும் மனிதரும் மேலே வருகிறார்கள்.

இதை வைத்து "பழகிடும், விடுங்க" என்று சொல்லிவிடக் கூடாது. மனச்சோர்வும் தனிமையும் உள்ளவருக்கு இந்த மாற்றம் எளிதில் நிகழ்வதில்லை. கை முடங்கியும் நிறைவாக வாழ்கிறவர் உண்டு. கைகால் நலமாக இருந்தும் நொறுங்கி வாழ்கிறவர் உண்டு. இருவருக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டில் மனநிலைக்கும், சுற்றி இருக்கும் மனிதர்களுக்கும் பெரும் பங்கு இருக்கிறது. அவை இரண்டும் நாம் மாற்றக்கூடியவை.

என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன? பிரிட்டனில் 3,127 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள்; முடிவு 2018இல் வந்தது. மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸிடின் மருந்தை ஆறு மாதம் தந்ததில், புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது. ஆனால் உடலின் செயல்திறன் கூடவில்லை. எலும்பு முறிவுகள் அதிகரித்தன. ஆகவே தேவைப்படுகிறவரைக் கண்டறிந்து, அவருக்குக் கொடுப்பதே வழி. கண்டறிய வேண்டுமானால் கேட்க வேண்டும்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது, பி.பி. எவ்வளவு என்பதோடு தூக்கம், அழுகை, ஆர்வம், பயம் ஆகிய நான்கையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் அன்றே மருத்துவரை அணுகுங்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். இரண்டாவது கசிவைத் தடுக்கும் பெரிய காவல் அதுதான், பயத்துக்கும் அதுவே பாதி மருந்து. வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். மதியம் சிறிது அமைதி கொடுங்கள். சொல் தேடித் தவிக்கும்போது முந்திக்கொண்டு முடித்துவைக்காமல் காத்திருங்கள். பூண்டு உரிப்பதோ, பேரனுக்குக் கதை சொல்வதோ, மின்கட்டணக் கணக்கோ, அவரால் முடிந்த, வீட்டுக்கு உண்மையிலேயே தேவையான ஒரு வேலையை அவர் பொறுப்பில் விடுங்கள்.

பார்த்துக்கொள்கிறவரையும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது மனைவி, மருமகள் அல்லது மகள். அவர் தூங்கினாரா என்று கேட்பவர் யாரும் இல்லை. வாரத்துக்கு ஒரு மாலை அவரை விடுவித்து அனுப்ப வேறொருவர் வந்து உட்கார்ந்தால், அதுவும் சிகிச்சைதான். கிரேட் மிசெண்டனில் அக்கம்பக்கத்தார் செய்தது அதையும் சேர்த்துத்தான்.

பட்ரீசியா நீல் பழைய ஆளாகத் திரும்பவில்லை. நடையில் கடைசிவரை ஒரு சாய்வு இருந்தது. வசனம் மனப்பாடம் செய்வது கடினமாகவே இருந்தது. 1983இல் மண வாழ்க்கை முறிந்தது. ஆனால் அவர் நடித்தார், பேசினார், எழுதினார், கோபப்பட்டார், நேசித்தார். அவர் வளர்ந்த டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் 1978இல் அவர் பெயரால் ஒரு மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

2010 ஆகஸ்டில், 84 வயதில் அவர் காலமானார். ரத்தக்கசிவுக்கு முன் அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகள். அதற்குப் பின் வாழ்ந்தது 45 ஆண்டுகள். டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும்போது, இந்த இரண்டாவது எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.